குதிக்கவா, காத்திருக்கவா

பொறியியல் கல்லூரியில் இரண்டாமாண்டு படித்தபோது, விடுதியில் அறைத்தோழனின் கணினியில்தான் ‘ஃபைனல் ஃபேன்டஸி 6’ விளையாடினேன். 1994இல் ஜப்பானில் வெளிவந்த ஆட்டம். நான் தொடும்போதே அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. சதுரம் சதுரமான சின்ன உருவங்கள், கீழே ஒரு பெட்டியில் வரும் வசனங்கள். ‘இதையா உட்கார்ந்து விளையாடறது’ என்றுதான் முதலில் தோன்றியது. மூன்றாவது நாள் வகுப்புக்குப் போகவில்லை.

ஆட்டத்தின் நடுவே ஓர் இடம் வரும். வானத்தில் மிதக்கும் கண்டம். அங்கே கெஃப்கா என்ற கோமாளி உலகத்தின் சமநிலையைத் தாங்கும் மூன்று சிலைகளை நகர்த்திவிடுகிறான். ஷேடோ என்ற கூலிக்கொலைகாரன் நடுவில் புகுந்து அவனைத் தடுத்து, மற்றவர்களை ஓடச் சொல்கிறான். திரையில் ஆறு நிமிடக் கடிகாரம் இறங்கத் தொடங்குகிறது. அரக்கர்களை வெட்டிக்கொண்டே விளிம்புக்கு ஓடினால் கீழே நம் பறக்கும் கப்பல் தெரியும். ஒரு கேள்வி வரும்: குதிக்கவா, காத்திருக்கவா?

நான் குதித்தேன். இன்னும் இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சமிருந்தது. அதில் பெருமை வேறு. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அறைத்தோழன் கேட்டான்: “ஷேடோவுக்காக நீ நிக்கலையாடா? கடைசி அஞ்சு செகண்ட்ல வருவான். நின்னிருந்தா பொழச்சிருப்பான்.”

கடைசியாகச் சேமித்த இடம் வெகு பின்னால் இருந்தது. திரும்பிப் போக மனமில்லை. அப்படியே விளையாடி முடித்தேன். ஷேடோ செத்தவன் செத்தவன்தான்.

ரோல்-பிளேயிங் ஆட்டங்களைப் பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு சண்டை தவறாமல் வரும். ஆட்டம் ஒரே பாதையில் நம்மை அழைத்துப்போக வேண்டுமா, இல்லை ஒரு உலகத்தைத் திறந்துவிட்டு ‘எங்கே வேணாலும் போ’ என்று சொல்ல வேண்டுமா? முதல் வகையை நேர்கோட்டு ஆட்டம் என்றும் இரண்டாவதை ஓப்பன் வேர்ல்ட் என்றும் சொல்கிறார்கள். சண்டை எப்போதும் சுதந்திரத்தைப் பற்றியதாகவே நடக்கும். கோடு என்றால் சிறை, வெளி என்றால் விடுதலை. எதிர்க்கட்சியின் வாதம்: கோடு என்றால் கதை, வெளி என்றால் வெட்டியாகச் சுற்றுவது.

எனக்கு இந்த இரண்டு கட்சியிலும் இடமில்லை. சுதந்திரம் என்ற சொல்லே இந்தப் பேச்சைத் திசைதிருப்பிவிட்டது என்று நினைக்கிறேன். பார்க்க வேண்டியது இடத்தை அல்ல, காலத்தை. ஓர் ஆட்டத்தில் நேரம் யார் கையில் இருக்கிறது? நான் வராவிட்டால் அங்கே ஏதாவது நடக்குமா, இல்லை எல்லாமே எனக்காக உறைந்து நிற்குமா?

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு அது முதலில் கண்ணில் படுகிறது. திறந்த உலகில் முப்பது கிளைக்கதைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் முடிந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தாலே உலகம் இருக்கக்கூடிய நிலைகள் 107 கோடியைத் தாண்டும். எந்த வரிசையில் முடித்தார் என்பதையும் சேர்த்தால் பத்தே கதைகளுக்கு 36 லட்சத்துக்கு மேற்பட்ட வரிசைகள். இத்தனைக்கும் வசனம் எழுத முடியாது. எழுதினாலும் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் வடிவமைப்பவர்கள் எல்லோரும் செய்யும் காரியத்தையே செய்கிறார்கள். பெரும்பாலான கதைகளை ஒன்றுக்கொன்று தெரியாமல் வைத்துவிடுகிறார்கள். இந்த ஊர்க் கொல்லனுக்கு அந்த ஊரில் நீங்கள் செய்த கொலை தெரியாது. காணாமல் போன குழந்தையைத் தேடச் சொன்ன தாய், நீங்கள் அறுபது மணி நேரம் கழித்து வந்தாலும் அதே கண்ணீரோடு அதே திண்ணையில் நிற்பாள்.

நிரல் எழுதும்போது பாகங்கள் ஒன்றையொன்று சாராமல் இருப்பது நல்ல பழக்கம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நானே அதைச் சொல்லித்தருகிறேன். கதையில் அதே குணம் வந்தால் எந்தச் செயலும் இன்னொன்றைத் தொடாது. ‘ஸ்கைரிம்’ (2011) தொடக்கத்தில் ஒரு டிராகன் ஊரையே கொளுத்துகிறது, உலகம் அழியப்போகிறது என்கிறார்கள். நான் மலையேறி, மூலிகை பறித்து, வீடு வாங்கி, அதில் அலமாரி அடுக்கினேன். உலகம் பொறுமையாகக் காத்திருந்தது. அந்த வீடு எனக்குப் பிடித்திருந்தது. டிராகனைத்தான் அதற்குப்பிறகு நம்ப முடியவில்லை.

கோட்டின் பக்கம் வருவோம். ‘ஃபைனல் ஃபேன்டஸி 10’ 2001இல் வந்தது. அந்த வரிசையின் முந்தைய ஆட்டங்களில் ஊர்களுக்கு வெளியே ஓர் உலக வரைபடம் இருக்கும், அதில் நடந்து திரியலாம். பத்தாவதில் அதை எடுத்துவிட்டார்கள். தெற்கே பெசாய்ட் தீவில் தொடங்கி வடக்கே ஸானார்கண்ட் இடிபாடுகள் வரை ஏறக்குறைய ஒரே பாதை.

அந்தப் பாதை ஒரு யாத்திரை. யூனா என்ற இளம்பெண் கோயில் கோயிலாகப் போய்ப் பிரார்த்தித்து, கடைசியில் சின் என்ற பேரழிவுப் பிராணியை வீழ்த்த வேண்டும். அதை வீழ்த்தும் சடங்கில் அவளும் இறந்துவிடுவாள். கூட வருபவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கதை சொல்லும் டீடஸுக்கு மட்டும் தெரியாது. வேறு உலகிலிருந்து வந்த பையன் அவன். சின்னை வீழ்த்திய பிறகு எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று வழி முழுக்க அவளிடம் பேசிக்கொண்டே வருகிறான். அவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். உண்மை தெரியவரும்போது நமக்கு வலிப்பது அவள் சாகப்போகிறாள் என்பது மட்டுமில்லை. ஒவ்வொரு அடியாக அவளை அந்த இடத்துக்கு நடத்திக்கொண்டு வந்தது நம் கைதான். முன்னே போகும் பொத்தானை அழுத்தியது நாம்தான்.

இந்தக் கதையைத் திறந்த உலகில் வைத்துப் பாருங்கள். யூனா சாகாமல் இருக்க நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கடைசிக் கோயிலுக்குப் போகாமல் மீன் பிடித்துக்கொண்டிருப்பது. ஆட்டம் இதை நன்றாகவே அறிந்திருக்கிறது. யாத்திரை முடியும் தறுவாயில் காம் லேண்ட்ஸ் என்ற பெரிய புல்வெளி வருகிறது. அதுவரை ஒடுங்கிக் கிடந்த பாதை சட்டென்று நாலா பக்கமும் விரிகிறது. யாத்திரை போன பலர் இங்கேதான் வழிதவறினார்கள் என்று பாத்திரங்களே பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது வழிதெரியாமல் தொலைந்ததாகப் படவில்லை. முன்னே போக மனம் வராமல் நின்றிருப்பார்கள். நானும் அங்கே இரண்டு மாலைகள் சும்மா பறவைச் சவாரி செய்துகொண்டிருந்தேன்.

கோடு இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதே நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டஸி 13’ (2009) அதற்குச் சாட்சி. ‘ஒரே நடைபாதைதான் இருக்கு’ என்று ஊரே திட்டிய ஆட்டம் அது. அந்தத் திட்டு பாதி சரி. பத்தாவதும் நடைபாதைதானே? அதை ஏன் யாரும் அப்படித் திட்டவில்லை?

பத்தாவதில் பாதையோரம் ஆட்கள் இருந்தார்கள். மீஹென் நெடுஞ்சாலையில் எதிரே வருபவர்கள் நின்று யூனாவை வணங்குகிறார்கள், குழந்தைகள் ஓடிவருகிறார்கள். அவளைப் போலவே யாத்திரை போகும் மற்றவர்கள் முன்னும் பின்னுமாகத் தட்டுப்படுகிறார்கள். அவள் யாருக்காகச் சாகப்போகிறாளோ அவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம். பதின்மூன்றாவதில் கடை வைத்திருக்கும் ஆள்கூட இல்லை. ஆட்டத்தைச் சேமிக்கும் கருவிதான் கடையும். துரத்தப்படுகிறவர்களின் கதை என்பதால் குறுகிய பாதை அதற்குப் பொருத்தம்தான். ஆனால் எதை இழந்து ஓடுகிறார்கள் என்று நமக்குக் காட்டும் ஒரு தெரு, ஒரு திண்ணைப் பேச்சு இல்லை. கோட்டுக்கு இருக்கும் பலமே எது எப்போது நடக்கும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான். அந்தப் பலத்தைப் பெரும்பாலும் சண்டைகளை அடுக்கவே செலவழித்துவிட்டார்கள்.

‘விட்சர் 3’ 2015இல் வந்தபோது கோடும் வெளியும் சமாதானமாகிவிட்டன என்று பேசப்பட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன். நூறு மணி நேரத்துக்கு மேல் அதில் கழித்திருக்கிறேன். கதை இதுதான்: அரக்கர்களை வேட்டையாடும் கெரால்ட், தன் வளர்ப்பு மகளைப் போன்ற சிரியைத் தேடுகிறான். காட்டு வேட்டைக் கூட்டம் ஒன்று அவளைத் துரத்துகிறது. ஒரு நாள் பிந்தினாலும் அவர்கள் முந்திவிடுவார்கள் என்ற பதைப்பு எல்லோர் வசனத்திலும் இருக்கிறது. நானோ ஊர் ஊராக க்வென்ட் என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். கடைக்காரர்களிடம் சீட்டு வாங்கி, சத்திரங்களில் பந்தயம் வைத்து. மகளைத் தேடும் தகப்பன் இப்படிச் செய்வானா? செய்யமாட்டான். அந்த நேரங்களில் நான் கெரால்டாக இல்லை; சனிக்கிழமை மதியம் பொழுதுபோகாத ஓர் ஆளாக மட்டும் இருந்தேன்.

இது விளையாடுபவரின் ஒழுக்கக்குறைவு என்று சிலர் சொல்வார்கள். ‘உனக்கு அவசரம்னா நேரா போ, யார் தடுத்தா?’ தடுப்பது வடிவம்தான். போகும் வழியெல்லாம் கேள்விக்குறிகளை வரைபடத்தில் தூவிவிட்டு, பொறுமையோடு அவற்றைத் தொடுபவனுக்கு நல்ல வாளும் கவசமும் தருகிறது ஆட்டம். வாயால் ‘ஓடு’ என்கிறது, கையால் ‘நில்’ என்கிறது. கதை ஒன்றை வேண்டும்போது விதிகள் இன்னொன்றுக்குக் கூலி கொடுத்தால் ஆடுபவர் கூலியின் பக்கம்தான் போவார். வேலை பார்க்கும் இடத்திலும் இதையேதான் பார்க்கிறோம்.

இருந்தும் ‘விட்சர் 3’ பெரிய ஆட்டம். எங்கே அது பெரிதாகிறது என்று யோசித்தபோதுதான் என் எண்ணம் ஒரு வடிவத்துக்கு வந்தது.

ஒன்று, வெலன். போர் மிதித்துவிட்டுப் போன சதுப்பு நிலம். மரக்கிளைகளில் தூக்கிலிடப்பட்ட உடல்கள். அங்கே ஒரு பிரபு இருக்கிறான், குடிகாரன். மனைவியும் மகளும் ஓடிப்போய்விட்டார்கள். அவனுடைய அடிதாங்காமல் கருக்கலைந்து போன குழந்தை பேயாகி அலைகிறது. அதை அவனே கையில் ஏந்தி நடந்து, வாசற்படிக்கு அடியில் புதைக்க வைக்கலாம். இந்தக் கதையில் க்வென்ட் ஆடிவிட்டு வந்தாலும் எதுவும் கெடவில்லை. ஏனென்றால் கெட வேண்டியதெல்லாம் நாம் வரும் முன்பே கெட்டுவிட்டது. மிச்சம் இருப்பது விளைவுகள்தான். நிதானமாக, அங்கும் இங்கும் விசாரித்து, துண்டு துண்டாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

இன்னொன்று, சிரி கிடைத்த பிறகு. அவளைத் தேடி மூடுபனித் தீவுக்குப் புறப்படும் முன், சில கிளைக்கதைகள் இனி முடிக்க முடியாமல் போகும் என்று ஆட்டம் எச்சரிக்கிறது. அதன்பின் கோடுதான். அவள் துவண்டு கிடக்கும்போது பனிப்பந்து எறிந்து விளையாடுவதா, ‘குடி, சரியாகிவிடும்’ என்பதா? சூனியக்காரிகளோடு பேசப் போகும்போது கூடவே போவதா, தனியாக விடுவதா? கோபத்தில் அறையை உடைக்கிறாள். அடக்குவதா, உடைக்க விடுவதா? இப்படிச் சின்னச் சின்ன முடிவுகள் சேர்ந்துதான் இறுதியில் அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பெரிய வரைபடத்தில் நான் முடித்த நூற்றுக்கணக்கான காரியங்களில் கணிசமானவை அவளைத் தொடவேயில்லை. தொட்டவற்றில் முக்கியமானவை எல்லாம் குறுகிய பாதையில், திரும்பிப் போக முடியாத இடத்தில் இருந்தன.

நடக்கப்போகும் ஒன்றைப் பற்றிய கதைக்குக் கோடு வேண்டும். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய கதைக்கு வெளி வேண்டும். இழப்புக்கு முன்னால் காலம் ஒரு திசையில்தான் ஓடுகிறது. இழப்புக்குப் பிறகு அதற்குத் திசை இல்லை. செத்த வீட்டில் பதினாறாம் நாள் முடிந்ததும் வரும் நாட்களைப் போல. எங்கிருந்து தொடங்கினாலும் ஒன்றுதான், எதை முதலில் எடுத்து வைத்தாலும் ஒன்றுதான்.

‘ஃபைனல் ஃபேன்டஸி 6’ இதை 1994லேயே செய்துவிட்டது. மிதக்கும் கண்டத்திலிருந்து நான் குதித்தேன் அல்லவா? அதன்பின் உலகம் உண்மையிலேயே அழிந்துவிடுகிறது. கதாநாயகர்கள் அதைத் தடுக்கவில்லை, தோற்றுவிட்டார்கள். ஓர் ஆண்டு கழித்து ஒரு தீவில் செலஸ் என்ற பெண் கண்விழிக்கிறாள். கூட இருப்பவர் சிட் என்ற நோயாளிக் கிழவர் மட்டும். நாம் மீன் பிடித்து அவருக்குக் கொடுக்க வேண்டும். வேகமாக நீந்தும் மீன் நல்லது, மெதுவாகப் போவது நோய் மீன். எனக்கு அது தெரியவில்லை. கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தேன். கிழவர் இறந்துபோனார்.

அதுவரை கதை சொன்ன பாதையில் போன ஆட்டம், செலஸ், எட்கர், செட்ஸர் மூவரும் சேர்ந்து ஒரு பறக்கும் கப்பல் கிடைத்ததும் கையை விட்டுவிடுகிறது. மற்ற நண்பர்கள் உடைந்த உலகில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களைத் தேடலாம், தேடாமலும் இருக்கலாம். மூன்று பேரோடு நேரே கெஃப்காவின் கோபுரத்துக்குப் போய் முடித்துவிடலாம். யார் கட்டாயப்படுத்தவும் இல்லை. மரண்டா என்ற ஊரில் ஒரு பெண் காதலனிடமிருந்து கடிதங்கள் வருவதாக மகிழ்ந்திருக்கிறாள். காதலன் எப்போதோ இறந்துவிட்டான். அவன் பெயரில் எழுதிக்கொண்டிருப்பவர், மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்த நம் சயன். கடிதம் கட்டிய பறவையைப் பறக்கவிட்டு, அது போகும் திக்கில் போனால் அவர் மலைமேல் பட்டுப்பூ செய்துகொண்டிருப்பார். இதை நான் முதலில் பார்த்தால் என்ன, கடைசியில் பார்த்தால் என்ன? துக்கம் அவசரப்படவில்லை. முன்னே நான் குறையாகச் சொன்ன அதே குணம், கதைகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் இருப்பது, இங்கே உண்மையாகிவிடுகிறது. சிதறிப்போனவர்களுக்கு ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாதுதானே.

பின்னால் வந்த நல்ல திறந்த உலகங்கள் பலவும் இடிபாடுகளின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ (2017) கறாராகப் பார்த்தால் ரோல்-பிளேயிங் ஆட்டம் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்: அதில் லிங்க் தோற்று நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. நினைவுகளை எந்த வரிசையிலும் பொறுக்கிச் சேர்க்கலாம். ‘எல்டன் ரிங்’ (2022) கதையில் பெரிய போர் முன்பே முடிந்து, யாரும் வெல்லாமல் எல்லாம் அழுகிக் கிடக்கிறது. அங்கே சுற்றித் திரிவதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

இதை விதி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 1997இல் வந்த முதல் ‘ஃபால்அவுட்’ திறந்த உலகம்தான். ஆனால் தண்ணீர்ச் சில்லைக் கண்டுபிடிக்க 150 நாள்தான் கெடு. நிலவறையில் இருக்கும் நம் மக்கள் தாகத்தில் சாவார்கள். தண்ணீர் வண்டி அனுப்பினால் நூறு நாள் கூடுதலாகக் கிடைக்கும். வரைபடத்தில் ஓர் ஊருக்குக் கோடு இழுக்கும்போதெல்லாம் நாட்கள் கழிவதைப் பார்த்து எனக்கு வயிறு பிசைந்திருக்கிறது. வெளியும் அவசரமும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதற்கு ஆடுபவரைத் தோற்கவிடும் துணிச்சல் வேண்டும். பல கோடி டாலர் போட்டு ஓர் உலகத்தைக் கட்டியவர், நேரமாகிவிட்டது என்று அதன் பாதியை நம்மைப் பார்க்கவிடாமல் செய்வாரா? பெரும்பாலும் மாட்டார். அதனால்தான் இன்றைய திறந்த உலகங்களில் எல்லோரும் நமக்காக அப்படிக் காத்திருக்கிறார்கள்.

அப்படிக் காத்திருக்காத ஒருவனிடம் திரும்பி வருகிறேன். ‘ஃபைனல் ஃபேன்டஸி 6’இன் அழிந்த உலகில், வெல்ட் சமவெளியின் குகை ஒன்றில் ரெல்ம் என்ற சிறுமி அடிபட்டுக் கிடப்பாள். கல்லூரிக் காலத்தில் அவளைத் தூக்கி வந்து காப்பாற்றினேன். வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது: ஷேடோ பிழைத்திருந்தால் அந்த இடத்தில் அவன்தான் கிடந்திருப்பான். அவள் வேறெங்கோ, ஒரு பணக்காரர் வீட்டில் படம் வரைந்துகொண்டிருந்திருப்பாள். அவள் அவனுடைய மகள் என்று ஆட்டம் பூடகமாகச் சொல்கிறது. அப்பனின் இடத்தில் மகளைக் கிடத்தியிருக்கிறார்கள். நான் இரண்டு நிமிடம் முன்னதாகக் குதித்ததற்கான கணக்கு அங்கே காத்திருந்தது, என்னிடம் யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.

போன ஆண்டு மறுபடி விளையாடினேன். விளிம்புக்கு வந்ததும் காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். நின்று கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர செய்ய எதுவும் இல்லை. எந்தத் திறந்த உலகிலும் இரண்டு நிமிடம் எனக்கு இத்தனை நீளமாக இருந்ததில்லை. ஐந்து நொடி இருக்கும்போது வந்தான். அவனை அழைத்துக்கொண்டு போனேன். பிறகு குகையில் கண்டெடுத்தேன், கடைசிக் கோபுரம் வரை கூட்டிப்போனேன். கோபுரம் இடிந்து விழும்போது எல்லோரும் ஓடுகிறார்கள். அங்கே மறுபடியும் ஒரே பாதைதான். ஷேடோ நாயை மட்டும் அனுப்பிவிட்டு, வராமல் அங்கேயே நின்றுவிட்டான்.

இந்த முறை திரையில் கேள்வி எதுவும் வரவில்லை.